எடிட்டர் போன பின் டெர்மினல் தடுமாறினால்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. எடிட்டரை விட்டு வெளியே வந்ததும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினல் பழையபடி நடந்துகொள்ள மறுக்கிறது என்பதே அந்த இடம். ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியுள்ளேன். குழப்பத்துக்கு இடமுள்ள கட்டளைகளுக்கு, விசைப்பலகையில் அழுத்த வேண்டிய ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகவும் சொல்லியிருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாதவரை எல்லாம் சிற்றெழுத்துகளே. டி என்று வருவதெல்லாம் ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்து.

கேள்வி: லினக்ஸ் கணினியில், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கமிட் கட்டளையைக் கொடுத்து, அது திறந்த விம் எடிட்டரில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எடிட்டர் அப்படியே உறைந்துவிட்டது. வேறு சாளரத்திலிருந்து கில் கட்டளையை 9 என்ற எண்ணுடன் கொடுத்து அதை நிறுத்தினேன். பழைய சாளரத்தில், எடிட்டரின் பக்கம் கலையாமல் நிற்க, அதன் மேலேயே, கட்டளைக்குக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் வந்துவிட்டது. நான் தட்டச்சு செய்வது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டளைகள் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் விடையாக வரும் வரிகள் படிக்கட்டுப்போல வலப்பக்கம் சரிந்துகொண்டே போகின்றன. சாளரத்தை மூடித் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. சாளரத்தை மூட வேண்டிய அவசியமே இல்லை. முதலில் கன்ட்ரோல் விசையுடன் யு விசையை அழுத்துங்கள். அதுவரை கண்ணில் படாமல் வரியில் சேர்ந்து கிடப்பவை அழிந்துவிடும். பிறகு எஸ்டிடிஒய் சேன் என்ற கட்டளையை, அதாவது எஸ், டி, டி, ஒய், ஓர் இடைவெளி, எஸ், ஏ, என், இ என்ற எழுத்துகளை, திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நிதானமாகத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். என்டருக்கு ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், அசையவில்லை என்றால் அதற்குப் பதிலாகக் கன்ட்ரோலுடன் ஜே விசையை அழுத்துங்கள். அடுத்து வரும் ப்ராம்ப்ட்டில் நீங்கள் அழுத்தும் எழுத்துகள் தெரியத் தொடங்கும். வரிகளும் இடது ஓரத்துக்குத் திரும்பிவிடும். எடிட்டரின் பக்கம் மட்டும் இன்னும் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டிபுட் ஆர்எம்கப் என்று கொடுங்கள்: டி, பி, யு, டி, ஓர் இடைவெளி, ஆர், எம், சி, யு, பி. எடிட்டரைத் திறப்பதற்கு முன் திரையில் இருந்தவை திரும்ப வந்துவிடும்.

ஒரே கோளாறுக்கு ஏன் இரண்டு மருந்துகள் என்று கேட்பீர்கள். உண்மையில் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் இன்றைய பகுதியின் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம். டெர்மினலின் நிலை இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஒன்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்: விசைப்பலகையிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் எதிரொலிக்க வேண்டுமா, ஒரு வரி முடியும்வரை சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டுமா, கன்ட்ரோல்-சி வந்தால் நிரலை நிறுத்த வேண்டுமா என்பன போன்ற அமைப்புகள் அங்கே இருக்கின்றன. எஸ்டிடிஒய் தொடுவது இந்த இடத்தை மட்டும்தான். மற்றொன்று, நீங்கள் கண்ணால் பார்க்கும் டெர்மினல் சாளரத்துக்குள் இருக்கிறது: எந்தத் திரையைக் காட்டுவது, கர்சர் தெரிய வேண்டுமா, மவுஸ் அசைவை நிரலுக்குச் சொல்ல வேண்டுமா, எந்த நிறத்தில் எழுதுவது என்பவை. இவற்றை நிரல்கள் எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் குறித்தொடர்களை அனுப்பி மாற்றுகின்றன. கெர்னலுக்கு அவற்றின் பொருள் தெரியாது, கடத்திவிடுவதோடு அதன் வேலை முடிகிறது.

முழுத்திரை எடிட்டர் எதுவானாலும் தொடங்கும்போது இந்த இரண்டு இடங்களையும் தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. கெர்னலிடம் இப்போதைய அமைப்பைக் கேட்டு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, எதிரொலியை நிறுத்துகிறது; வரி சேர்ப்பதையும் நிறுத்தி, விசைகள் உடனுக்குடன் தன் கைக்கு வரும்படி செய்துகொள்கிறது. யூனிக்ஸ் வழக்கில் சாதாரண நிலையைச் சமைத்த நிலை என்றும் இதைப் பச்சை நிலை என்றும் சொல்வார்கள், பொருத்தமான பெயர்கள்தாம். சாளரத்திடமோ, எஸ்கேப், திறக்கும் சதுர அடைப்பு, கேள்விக்குறி, 1049, ஹெச் என்ற தொடரை அனுப்பி, மாற்றுத் திரை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வெளியேறும்போது அதே தொடரை ஹெச் இருந்த இடத்தில் எல் வைத்து அனுப்பித் திரையைத் திருப்பிக் கொடுக்கிறது. பிரதி எடுத்த அமைப்பைக் கெர்னலில் திரும்ப எழுதுகிறது. நீங்கள் 9 என்ற எண்ணுடன் அனுப்பிய சிக்னலை, அதாவது கெர்னல் நிரலிடம் சேர்க்கும் எண்ணிட்ட செய்தியை, எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. வந்த கணத்திலேயே உயிர் போய்விடும் என்பதால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க எடிட்டருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

படிக்கட்டின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரைப் பயமுறுத்துவது அதுதான். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சு முனையங்களில், அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவது ஒரு குறி, எண் 13. காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளுவது வேறொரு குறி, எண் 10. யூனிக்ஸ் கோப்புகளில் வரி முடிவுக்கு 10 மட்டுமே எழுதப்படுகிறது. அது திரைக்குப் போகும் வழியில் கெர்னல் தானாக ஒரு 13-ஐச் சேர்த்து அனுப்புகிறது. கர்சரை எங்கே வைப்பது என்பதை விம் தானே முடிவு செய்வதால் இந்தச் சேர்க்கையை நிறுத்திவிடுகிறது. அது திருப்பி இயக்கப்படாமல் போனால், ஒவ்வொரு வரியும் ஒரு படி கீழே இறங்குமே தவிர இடது ஓரத்துக்கு வராது. என்டர் விசைக்கும் இதே கணக்குதான்: அந்த விசை அனுப்புவது 13, ஷெல் எதிர்பார்ப்பது 10, நடுவில் மாற்றித் தருவது கெர்னல். அந்த மாற்றமும் நின்றுபோயிருந்தால் என்டர் வெறும் ^எம் என்று திரையில் விழும், அல்லது ஒன்றும் நடக்காது. கன்ட்ரோல்-ஜே நேரடியாக 10-ஐயே அனுப்புவதால் அது எப்போதும் கைகொடுக்கும். பாஷ் ஷெல்லின் ப்ராம்ப்ட் 13, 10 இரண்டையும் ஏற்றுக்கொள்வதால்தான் உங்களுக்கு என்டர் வேலை செய்தது.

இன்னொரு நுணுக்கமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. விம்மை ப்ராம்ப்ட்டிலிருந்து நேரடியாகத் திறந்து, இதேபோல 9 கொடுத்து நிறுத்தியிருந்தால், தட்டச்சு மறைந்திருக்காது, படிக்கட்டும் வந்திருக்காது. பாஷ், தான் நேரடியாகத் தொடங்கிய நிரல் ஒன்று சிக்னலால் இறந்தது என்று அறிந்தால், அந்த நிரலுக்கு முன்பிருந்த கெர்னல் அமைப்பைத் தானே திரும்ப எழுதிவிடும். உங்கள் விஷயத்தில் பாஷ் தொடங்கியது கிட்; கிட் தொடங்கியது விம். இறந்தது விம்தான், கிட் பிழைச்செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு முறைப்படி முடிந்துகொண்டது. முறைப்படி முடிந்த நிரல் விட்டுச்செல்லும் அமைப்பை, அது வேண்டுமென்றே செய்த மாற்றம் என்று பாஷ் மதித்து ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் எல்லாம் சரியாக இருக்கிறது, மற்றொரு நாள் அதே செயலுக்கு எல்லாம் கெடுகிறது என்று பலர் எழுதுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த முறை உறைந்த எடிட்டரை நிறுத்த 9-ஐ எடுக்காதீர்கள். எண் எதுவும் சேர்க்காமல் கில் கொடுத்தால் போவது 15, அதாவது டெர்ம் சிக்னல். விம் அதைப் பிடித்து, சேமிக்காத மாற்றங்களை ஸ்வாப் கோப்பு என்ற தற்காலிகக் கோப்பில் பத்திரப்படுத்தி, டெர்மினலையும் ஒழுங்குசெய்துவிட்டு வெளியேறும். பிறகு விம் கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்துக் கோப்பின் பெயருடன் கொடுத்தால் எழுதியவற்றை மீட்கலாம். சில விநாடிகள் காத்திருந்தும் அசைவில்லை என்றால் மட்டும் 9.

சாளரத்தை மூடுவதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எடிட்டர் கெடுத்த ஒரு சாளரத்தை யோசிக்காமல் மூடினேன். அதே சாளரத்திலிருந்து பின்னணியில் ஓடவிட்டிருந்த தரவு நகலெடுப்பு, டெர்மினல் போனதும் வரும் ஹேங்அப் சிக்னலைப் பெற்று நடுவில் நின்றுபோனது. ஆறு மணி நேர வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒன்பது விசைகளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் விம்மில் வேலை செய்துகொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. என் கணினியின் ப்ராம்ப்ட் திரும்பியது, தட்டச்சும் தெரிகிறது. ஆனால் மவுஸின் சக்கரத்தை உருட்டினாலோ சொடுக்கினாலோ 64;42;17எம் என்பதுபோன்ற எண்கள் ப்ராம்ப்ட்டில் கொட்டுகின்றன. எஸ்டிடிஒய் சேன் பலமுறை கொடுத்தும் பயனில்லை.

பதில்: பயன் இருக்காது, ஏனென்றால் உங்கள் கெர்னல் அமைப்பில் கோளாறே இல்லை. எஸ்எஸ்ஹெச் நிரல் உங்கள் கணினியில் ஓடுவது. இணைப்பு அறுந்ததும் அது தான் எடுத்துவைத்த பிரதியைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் வெளியேறியிருக்கிறது. ஆனால் சாளரத்திடம் மாற்றுத் திரையையும் மவுஸ் அறிவிப்பையும் கேட்டது தொலைவில் ஓடிய விம். அவற்றை நிறுத்தச் சொல்லும் குறித்தொடரும் அங்கிருந்துதான் வர வேண்டும். வரும் பாதையே இல்லை. எனவே சாளரம், தன்னிடம் கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொரு மவுஸ் நிகழ்வையும் கடமை தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய எண்களைப் பிரித்துப் பாருங்கள். 64 என்பது சக்கரம் மேல்நோக்கி உருண்டது. கீழ்நோக்கி என்றால் 65, இடது பொத்தான் என்றால் 0. அடுத்து வரும் 42 நெடுவரிசை, 17 வரி. இறுதியில் பெரிய எம் வந்தால் அழுத்தியது; பொத்தானை விட்டபோது சிறிய எம் வரும். தொடக்கத்திலுள்ள எஸ்கேப், சதுர அடைப்பு, சிறியது என்ற குறி ஆகியவற்றை ஷெல் விழுங்கிவிடுவதால் மீதி மட்டும் உங்கள் கண்ணில் படுகிறது. உள்ளே வருவதை அப்படியே வெளியே காட்டும் கேட் கட்டளையை ஓடவிட்டு மவுஸைச் சொடுக்கினால் முழுத்தொடரையும் பார்க்கலாம். எண்கள் கொட்டுகின்றன என்றால் கோளாறு சாளரத்தின் பக்கம் என்று தயக்கமின்றி முடிவுசெய்யலாம்.

இதற்கு மருந்து ரீசெட் கட்டளை: ஆர், இ, எஸ், இ, டி. அது கெர்னல் பக்கத்தையும் சீராக்கி, சாளரத்துக்கும் முழு மீட்டமைப்புக் குறித்தொடரை அனுப்புகிறது. முதல் கேள்விக்கும் இதையே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். ரீசெட் கொடுத்தால் திரையில் இருப்பவை துடைக்கப்படும். சில டெர்மினல்களில் மேலே உருட்டிப் பார்க்கக்கூடிய பழைய வரிகளும் போய்விடும். அங்கே நான் தேடிக்கொண்டிருக்கும் பிழைச்செய்தி இருக்கக்கூடும் என்பதால், ரீசெட்டைக் கடைசியில்தான் எடுப்பேன். உங்கள் நிலையில் அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இணைப்பு முறையாக அறுபடாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தால், எஸ்எஸ்ஹெச் நிரலை வேறு சாளரத்திலிருந்து கொல்ல வேண்டாம். என்டர், பிறகு ~ குறி, பிறகு ஒரு புள்ளி, இந்த வரிசையில் அழுத்துங்கள். அது தானே பிரதியைத் திரும்ப எழுதிவிட்டு வெளியேறும். தொலைவிலுள்ள விம் பெரும்பாலும் ஹேங்அப் சிக்னல் பெற்று ஸ்வாப் கோப்பை விட்டுச் சென்றிருக்கும். மீண்டும் இணைந்து மைனஸ் ஆர் கொண்டு மீட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குறிப்பிட்ட சொல் உள்ள கோப்புகளையெல்லாம் கிரெப் கொண்டு கண்டுபிடித்து, அந்தப் பட்டியலைக் குழாய் வழியாக எக்ஸ்ஆர்க்ஸ் விம் என்று அனுப்பித் திறக்கிறேன். உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை என்று விம் எச்சரிக்கிறது. திருத்தி முடித்து முறைப்படி வெளியேறினாலும் டெர்மினல் கெட்டுவிடுகிறது. நான் எதையும் கொல்லவில்லையே?

பதில்: நீங்கள் எதையும் கொல்லவில்லை, விம்மும் தவறவில்லை; பட்டியலை வாங்கி விம்முக்குக் கோப்புப் பெயர்களாகக் கொடுக்க இடையில் நிற்கும் எக்ஸ்ஆர்க்ஸ்தான் வழியை மறைக்கிறது. குழாய் வழியாக வரும் பட்டியலைப் படிக்கத் தன் நிலையான உள்ளீட்டை எக்ஸ்ஆர்க்ஸ் பயன்படுத்திக்கொள்வதால், தான் தொடங்கும் நிரலுக்கு டெர்மினலை உள்ளீடாகக் கொடுக்க அதனிடம் இருப்பதில்லை. பதிலாக வெற்றுச் சாதனமான /டெவ்/நல்-ஐக் கொடுக்கிறது. விம் அந்த உள்ளீட்டையே டெர்மினல் என்று நம்பி அமைப்புகளைக் கேட்கவும் மாற்றவும் முயல்கிறது. வெற்றுச் சாதனத்திடம் பிரதி எடுக்கவும் எதுவும் இல்லை, திருப்பி எழுதவும் எதுவும் இல்லை. அந்த எச்சரிக்கையை யாரும் நின்று படிப்பதில்லை. படித்தால், இப்போதே கன்ட்ரோல்-சி கொடுத்து விலகலாம்.

எக்ஸ்ஆர்க்ஸ் உடன் மைனஸ் ஓ சேர்த்துக் கொடுங்கள். நிரலைத் தொடங்கும் முன் டெர்மினலை அதன் உள்ளீடாகத் திறந்து கொடுக்கும். பிஎஸ்டி வழி அமைப்புகளில் இது நெடுநாளாக இருப்பது. க்னூ பதிப்பில் 4.7.0 முதல் கிடைக்கிறது. உங்கள் பதிப்பு பழையது என்றால், டாலர் குறியும் அடைப்புக்குறிகளும் கொண்ட கட்டளைப் பதிலீட்டுக்குள் கிரெப்பை வைத்து, அதை விம்முக்கு முன்னால் வரும் குழாயாக அல்லாமல் பின்னால் வரும் சொற்களாகக் கொடுத்துவிடலாம். கோப்புப் பெயர்களில் இடைவெளி இல்லாதவரை அது போதும்.

கேள்வி: நீங்கள் முன்பொரு முறை சொன்னபடி எஸ்டிடிஒய் சேன் கொடுத்தேன், எல்லாம் சரியானது. ஆனால் அதன் பிறகு, கேட் கட்டளையில் தமிழில் தட்டச்சு செய்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால், எழுத்து திரையில் மறைந்தாலும் கோப்பில் சிதைந்த குறிகள் சேர்கின்றன. ப்ராம்ப்ட்டில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. இது என்ன?

பதில்: இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியதற்கு நன்றி, தமிழில் டெர்மினலைப் பயன்படுத்தும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது, முன்பே நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். க என்ற எழுத்துக்கு மூன்று. கி என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள் என்பதால் ஆறு. கேட் போன்ற எளிய நிரல்களுக்கு நீங்கள் என்டர் அழுத்தும்வரை வரியைச் சேர்த்து வைப்பது கெர்னல்தான். பேக்ஸ்பேஸையும் அதுவே கவனிக்கிறது. பல பைட்டுகள் சேர்ந்து ஒரு குறியீடு என்பதை அது அறிய ஐயுடிஎஃப்8 என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். க்னூ எஸ்டிடிஒய் நிரலின் சேன் தொகுப்பு, மற்ற அமைப்புகளையெல்லாம் சீராக்கும் அதே வேளையில், இந்த ஒன்றை அணைத்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு பேக்ஸ்பேஸ் மூன்று பைட்டுகளில் ஒன்றை மட்டும் நீக்கும்; எஞ்சிய இரண்டு பைட்டுகள் எந்த எழுத்தும் ஆகாமல் கோப்புக்குள் போய்ச் சேரும். பாஷ் ப்ராம்ப்ட் வரியைத் தானே கையாள்வதால் அங்கே தெரியவில்லை.

எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8 என்று தனியாக ஒரு முறை கொடுங்கள்: கட்டளையின் பெயரை அடுத்து ஓர் இடைவெளி, பிறகு ஐ, யு, டி, எஃப், 8. ஒரே வரியில் சேன் என்பதற்குப் பின்னாலும் சேர்த்துக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் கொடுக்கிறேன். சேன் சிறப்பு விசைகளையும் தொடக்க மதிப்புகளுக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், நீங்களாக மாற்றி வைத்திருந்தவை இருந்தால் அவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும்.

கேள்வி: எடிட்டரில் கோப்பைச் சேமிக்கப் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிடுகிறேன். உடனே எல்லாம் உறைகிறது.

பதில்: எதுவும் கெடவில்லை, கன்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். கன்ட்ரோல்-எஸ் என்பது வெளியீட்டை நிறுத்திவை என்ற பழைய குறி, கன்ட்ரோல்-க்யூ தொடரச் சொல்வது. நீங்கள் இடையில் அழுத்திய விசைகளெல்லாம் வரிசையில் காத்திருந்து, விடுவித்ததும் ஒன்றாகப் பாயும். ஆகவே உறைந்தது என்று நினைத்துக் கண்டபடி விசைகளைத் தட்டாதீர்கள். இந்த வசதி வேண்டாம் என்றால், எஸ்டிடிஒய், இடைவெளி, மைனஸ், ஐ, எக்ஸ், ஓ, என் என்ற கட்டளையை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்துவிடலாம். கிட் கமிட் பற்றிக் கேட்ட வாசகரும் 9-ஐ எடுக்கும் முன் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. உறைந்த எடிட்டர் என்று என்னிடம் வருபவற்றில் கணிசமானவை இதுதான்.

கேள்வி: நியோவிம்மை விட்டு வெளியேறிய பின் கர்சர் கட்டமாக இல்லாமல் வேறு வடிவில் நிற்கிறது. சில சமயம் கர்சரே தெரிவதில்லை.

பதில்: இரண்டும் சாளரத்தின் பக்கம். கர்சர் மறைந்திருந்தால் டிபுட், இடைவெளி, சி, என், ஓ, ஆர், எம் என்று கொடுங்கள். வடிவத்தைப் பொறுத்தவரை, முன்பு எந்த வடிவம் இருந்தது என்பதை எடிட்டர் நம்பகமாகக் கேட்டறிய வழி இல்லாததால், எதைத் திருப்பிக் கொடுப்பது என்பது அதற்குத் தெரிவதில்லை. வெளியேறும் நிகழ்வில் நீங்கள் விரும்பும் வடிவத்தை அமைக்கும்படி எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதுவதே தீர்வு.

கேள்வி: சி மொழி பயிலும் மாணவி நான். பயிற்சிக்காகச் சிறிய எடிட்டர் ஒன்றை எழுதி வருகிறேன். என் நிரலைப் பயன்படுத்துபவர்களின் டெர்மினல் கெடாமல் இருக்க நான் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மற்றவர்கள் வெளியேறும்போது தடுமாறுகிறார்கள், நீங்கள் நுழையும்போதே யோசிக்கிறீர்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது.

நிரல் தொடங்கியதும் டிசிகெட்ஆட்டர் கொண்டு அமைப்பின் பிரதியை எடுத்துவையுங்கள். அது தோல்வியுற்றால், உள்ளீடு டெர்மினல் அல்ல என்று பொருள், அங்கேயே ஒரு செய்தியைச் சொல்லி நின்றுவிடுங்கள். மேலே எக்ஸ்ஆர்க்ஸ் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். பச்சை நிலைக்கு மாறும்போது, எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், பிரதியின் ஒரு நகலில் தேவையானவற்றை மட்டும் மாற்றி டிசிசெட்ஆட்டர் கொடுங்கள். மீட்டமைக்கும் வேலையை ஒரே சார்பில் வைத்து, அதை ஏடிஎக்ஸிட் மூலம் பதிவுசெய்யுங்கள். சாளரத்திடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும், மாற்றுத் திரைக்கு 1049, மவுஸுக்கு 1000 அல்லது 1002, ஒட்டுதலைப் பிரித்தறியும் வசதிக்கு 2004 என்று எதை ஹெச் கொண்டு இயக்கினீர்களோ அதை அந்தச் சார்பிலேயே எல் கொண்டு நிறுத்துங்கள். இயக்கும் வரியை எழுதிய கையோடு நிறுத்தும் வரியையும் எழுதிவிடுவது நல்லது; பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவைதான் பின்னாளில் பிறர் திரையில் எண்களாகக் கொட்டுகின்றன.

ஏடிஎக்ஸிட் சிக்னலால் வரும் மரணத்தைக் கவனிக்காது. டெர்ம், ஹேங்அப், இன்டரப்ட் ஆகிய சிக்னல்களுக்குக் கையாளி எழுதுங்கள். கையாளிக்குள் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, முதன்மைச் சுழற்சி அதைப் பார்த்து ஒழுங்காக வெளியேறும்படி செய்யுங்கள். கன்ட்ரோல்-இசட் பலர் மறப்பது. அப்போது நிரல் முடியவில்லை, உறங்குகிறது. உறங்கும் முன் மீட்டமைக்க வேண்டும், எஃப்ஜி கொடுத்து எழுப்பும்போது வரும் கன்டின்யூ சிக்னலில் மறுபடியும் பச்சை நிலைக்கு மாறித் திரையை முழுவதுமாக வரைய வேண்டும். 9-க்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். எஸ்டிடிஒய் கட்டளையை மைனஸ் ஜி சேர்த்துக் கொடுத்தால் கெர்னல் பக்கத்து அமைப்பு முழுவதையும் முக்காற்புள்ளிகளால் பிரித்த ஒரே வரியாகக் காட்டும். இதை ப்ராம்ப்ட்டில் சோதிக்காதீர்கள். உங்கள் எடிட்டர் சிக்னலால் இறந்தால் பாஷ் இடையில் புகுந்து சரிசெய்து, குறையை மறைத்துவிடும். மூன்று வரிகள் கொண்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: முதல் வரி எஸ்டிடிஒய் மைனஸ் ஜி, இரண்டாவது உங்கள் எடிட்டர், மூன்றாவது மீண்டும் எஸ்டிடிஒய் மைனஸ் ஜி. ஸ்கிரிப்டை ஓட்டி, ஒரு முறை முறைப்படி வெளியேறுங்கள். ஒரு முறை வேறு சாளரத்திலிருந்து 15 அனுப்புங்கள். ஒரு முறை 1, அதாவது ஹேங்அப், அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டு, எங்கே ஓர் எழுத்தாவது மாறியிருக்கிறதோ அந்த வெளியேறும் பாதையைத் திருத்துங்கள். சாளரத்தின் பக்கத்துக்கு இப்படி ஒரு வரியில் காட்டும் கட்டளை இல்லை. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: பழைய திரை திரும்பியதா, கர்சர் தெரிகிறதா, சக்கரத்தை உருட்டினால் ப்ராம்ப்ட்டில் எண்கள் விழாமல் இருக்கிறதா என்று.